ரெண்டு ரூபா வெச்சிட்டுப் பந்தைத் தொடு

ஊர் கிரிக்கெட் டீம் எதனால் செத்தது என்று பேச்சு வந்தாலே எல்லோரும் செல்போனைக் கை காட்டுகிறார்கள். கேம், ரீல்ஸ், இந்தக் காலத்துப் பையன்களுக்கு வெயில் ஆகாது, இத்யாதி. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதும் டீக்கடையில் இதே பேச்சுத்தான். எனக்கு இது ஒத்துப்போகவில்லை. எங்கள் டீம் செத்தது ஒரு நோட்டு எழுத ஆள் இல்லாமல் போனதால். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில், எடப்பாடிப் பக்கம். மழை குறைவு, தறிச் சத்தம் அதிகம். 1996 உலகக் கோப்பை அரையிறுதியை ஊரில் இருந்த நாலைந்து டிவிகளின் முன்னால் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பார்த்தோம். ஈடன் கார்டன்ஸில் பாட்டில் பறந்து, ஆட்டம் நின்று, காம்ப்ளி அழுதுகொண்டே வெளியே வந்த ஆட்டம். அந்தக் கடுப்பிலோ என்னவோ, அந்தக் கோடையில்தான் எங்கள் டீம் ஆரம்பமானது. ஊர்ப் பெயரின் முதல் எழுத்தோடு சி.சி. சேர்த்தால் டீம் பெயர் தயார். சி.சி. என்றால் ‘கிரிக்கெட் கிளப்’ என்றுதான் அர்த்தம். பதிவும் கிடையாது, ஆபீசும் கிடையாது.

மைதானம் எங்கள் ஏரி. வருடத்தில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். சீமைக் கருவேலத்தை வெட்டி, களிமண் கொட்டி, களத்துமேட்டுக் கல் உருளையை இரவல் வாங்கி நாலு நாள் இழுத்தோம். அதை இழுத்த அன்று என் உள்ளங்கையில் வந்த கொப்புளத்தை வீட்டில் மறைத்தது இன்னும் நினைவிருக்கிறது.

நோட்டை ஆரம்பித்தவர் ஓர் அண்ணன். தறி ஓட்டுகிறவர். ஆட்டம் சுமார்தான்; பேட்டிங்கில் பதினொன்றாவது ஆள், ஃபீல்டிங்கில் எங்கே நிறுத்தினாலும் பந்து அவரைத் தாண்டித்தான் போகும். ஆனால் சனிக்கிழமை வாரக்கூலி வாங்கியதும் 192 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்றை வாங்கி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டு, பதினாறு பேர் பெயரை எழுதினார். வாரச் சந்தா இரண்டு ரூபாய். ஞாயிறு காலை ஏரிக்குள் இறங்கினால் ஸ்டம்புக்குப் பக்கத்தில் நோட்டோடு நிற்பார். “ரெண்டு ரூபா வெச்சிட்டுப் பந்தைத் தொடு சாமி.” தறிக்காரர் மகனுக்கும் அதே வார்த்தை, தறி முதலாளி மகனுக்கும் அதே வார்த்தை.

அந்த நோட்டில் ஸ்கோர் இருக்காது. வரவு, செலவு மட்டும்தான். ஆனால் இன்று எடுத்துப் படித்தால் ஊர் வரலாறே தெரியும். ‘பேட் கைப்பிடிக்கு சைக்கிள் டியூப் - 3.’ ‘கிணற்றில் விழுந்த பந்தை எடுத்தவனுக்குப் பரோட்டா - 8.’ ‘ஏரிக்கரை ஆயா பானை உடைந்ததற்கு - 25.’ பானையை உடைத்தது நான் அடித்த சிக்ஸ். நோட்டில் என் பெயர் இல்லை, பொதுச் செலவு. இடையிடையே கிரிக்கெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத வரிகளும் வரும். ‘மாலை - 60’ என்று ஓர் இடத்தில் இருக்கிறது. எங்கள் விக்கெட் கீப்பரின் அப்பா இறந்த நாள். அன்று விறகு கொண்டுவந்தது, பந்தல் போட்டது, வெளியூர் உறவுக்காரர்களுக்குச் சொல்லப் போனது எல்லாம் டீம்தான். மாரியம்மன் பண்டிகைக்கு மோர் ஊற்றியதும், தெருவிளக்கு எரியாததற்கு மனு எழுதியதும் அதே பதினாறு பேர்தான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் ஆட வந்து, லாங் ஆனில் நின்றபடியே கண் அசந்தவனும் அதில் உண்டு. கேட்ச் அவன் காலடியில் விழுந்தது. யாரும் திட்டவில்லை.

ஒன்றை மறைத்துப் பேசினால் இந்தப் பதிவே பொய். எங்களுக்கு முன்பே ஊரில் ஒரு டீம் இருந்தது. ஏரியின் அந்தக் கரையோரம், காலனிப் பையன்களின் டீம். ஒரே ஏரி, இரண்டு பிட்ச். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் இருந்த வேகப்பந்து வீச்சாளர்கள் இரண்டு பேருக்கு எதிராக நாங்கள் நாற்பது ரன்னைத் தாண்டியதே இல்லை. மூன்றாவது தடவை தோற்ற அன்று அண்ணன் நேராக அந்தப் பக்கம் நடந்துபோய் ஏதோ பேசினார். அடுத்த ஞாயிறு நோட்டில் ஏழு புதுப் பெயர்கள். எங்கள் பக்கத்தில் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். பொங்கல் போட்டிக்கு வழக்கமாகப் பணம் தருகிற பெரியவர் ஒருவர் அந்த வருடம் தரவில்லை. நோட்டில் ‘நன்கொடை குறைவு’ என்று இரண்டே வார்த்தை. அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று கதை விடமாட்டேன். ஏரிக்குள் ஒரே டீம், கரை ஏறினால் அவரவர் தெரு. ஆனாலும் ஏரிக்குள் ஒரே டீம்.

பெண் பிள்ளைகள்? கரையில் நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். என் அக்கா என்னைவிட நன்றாகப் பந்து போடுவாள், வீட்டு வாசலில். ஏரிக்குள் அவளைக் கூப்பிட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணன் உட்பட. இங்கிலாந்தில் 1745லேயே பிராம்லி, ஹாம்பிள்டன் என்ற சர்ரே மாவட்டத்து இரண்டு ஊர்ப் பெண்கள் பதினொரு பேர் பதினொரு பேராக ஆடியிருக்கிறார்கள் என்று பின்னாளில் படித்தபோது அவளிடம் சொன்னேன். “இப்ப சொல்லு” என்றாள்.

அந்த ஹாம்பிள்டன் வேறு, கிரிக்கெட் புத்தகங்களில் வரும் ஹாம்பிள்டன் வேறு. இரண்டாவது ஹாம்ப்ஷயரில் இருக்கும் கிராமம். அதன் கிளப் 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தையே ஆட்டிவைத்தது. மைதானம் பிராட்ஹாஃபென்னி டவுன் என்ற மேட்டு நிலம். எதிரே பேட் அண்ட் பால் என்று ஒரு சத்திரம். சத்திரக்காரர் ரிச்சர்ட் நைரன்தான் கேப்டன். ஜான் ஸ்மால் செருப்புத் தைத்தவர், அப்புறம் பேட்டும் பந்தும் செய்தவர். டேவிட் ஹாரிஸ் என்ற பெரிய பந்துவீச்சாளர் குயவர். பணம் போட்டவர்கள் பிரபுக்கள், ஆடியவர்களில் பலர் இப்படிக் கைத்தொழில்காரர்கள். 1777இல் செவன்ஓக்ஸில் மொத்த இங்கிலாந்து அணியையும் இன்னிங்ஸ் மற்றும் 168 ரன் வித்தியாசத்தில் அடித்தார்கள். ஜேம்ஸ் எய்ல்வார்ட் என்பவர் மட்டும் 167.

இதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அவர்களும் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். அதுதான் விஷயம்.

1771இல் எதிரணி ஆள் ஒருவர், பெயர் ஒயிட், ஸ்டம்பையே மறைக்கிற அகலத்தில் ஒரு பேட்டோடு வந்துவிட்டார். நம்மூரில் என்றால் சட்டையைப் பிடித்திருப்போம். ஹாம்பிள்டன்காரர்கள் இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் எழுதினார்கள்: பேட்டின் அகலம் நாலேகால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது. நைரன், ஸ்மால், பிரெட் மூன்று பேர் கையெழுத்து. இன்று கோலி பிடிக்கும் பேட்டும் அந்த நாலேகால் அங்குலத்துக்குள்தான். 1775இல் எதிரணியின் லம்பி ஸ்டீவன்ஸ் போட்ட பந்து மூன்று தடவை ஜான் ஸ்மாலுக்குப் பின்னால் அப்போது இருந்த இரண்டே ஸ்டம்புகளுக்கு நடுவே புகுந்து வெளியே போய், ஸ்மால் அவுட் ஆகாமல் தப்பிய பிறகுதான் நடு ஸ்டம்பு வந்தது. அவர்களுடைய கூட்டக் குறிப்பில் எனக்கு மிகவும் பிடித்த பதிவு இது: மழை நாள், மூன்று உறுப்பினர்கள் மட்டும் வந்தார்கள், ஒன்பது பாட்டில் ஒயின். எங்கள் அண்ணன் எழுதியிருந்தால் ‘பாட்டில் திருப்பிக் கொடுத்த வகையில் வரவு’ என்றும் ஒரு வரி சேர்த்திருப்பார்.

பிறகு பிரபுக்களுக்கு லண்டன் வசதியாகப் பட்டது. 1787இல் அங்கே லார்ட்ஸ் மைதானம் வந்தது, எம்.சி.சி. என்ற கிளப் வந்தது, பணமும் நல்ல ஆட்டக்காரர்களும் அந்தப் பக்கம் போனார்கள். 1796 செப்டம்பரில் ஹாம்பிள்டன் குறிப்பேட்டின் பதிவு, கனவான்கள் யாரும் வரவில்லை என்பது. அதோடு பழைய கிளப் முடிந்தது.

எங்களுக்கும் அப்படி ஒரு லண்டன் வந்தது. பெயர் பரிசுத் தொகை.

முதலில் எங்கள் பொங்கல் போட்டியின் முதல் பரிசு ஐந்நூற்று ஒன்று. நோட்டீஸில் ஒவ்வொரு பரிசுக்கும் கீழே யாராவது ஒருவரின் அப்பா நினைவாக என்று இருக்கும், கடைசியில் ‘நடுவர் தீர்ப்பே இறுதியானது’. (நடுவர் எங்கள் ஊர்க்காரர். அந்தத் தீர்ப்புகளைப் பற்றி இன்னொரு நாள்.) பத்துப் பதினைந்து வருடத்தில் சுற்றுவட்டாரப் போட்டிகளில் அது பத்தாயிரம், இருபதாயிரம் என்று ஏறியது. மின்னொளி, வர்ணனை, பின்னாளில் யூடியூப் நேரலையும். தொகை ஏறினால் ஜெயிக்க ஆசை வரும். ஆசை வந்தால் ஆள் இறக்குவார்கள். சேலத்திலிருந்து இரண்டு பேர், ஈரோட்டிலிருந்து ஒருவர், பஸ் செலவு போக ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி. அபாரமாக ஆடினார்கள், குறையே சொல்ல முடியாது. பைக்கில் வந்து, நாலு சிக்ஸ் அடித்து, காசு வாங்கிக்கொண்டு பைக்கில் போனார்கள். திங்கட்கிழமை கருவேல முள்ளை யார் வெட்டுவது?

முதல் தடவை அந்தப் பணத்தைச் செலவில் எழுதச் சொன்னபோது அண்ணன் மறுத்துவிட்டார். “இது சந்தாக் கணக்கு. கூலிக் கணக்கு எழுத வேற நோட்டு வாங்கிக்கங்க.” எங்களுக்குக் கோபம். அதில் நானும் ஒருவன். இருபத்தேழு வயதில் நான் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அவர் நோட்டை மூடி வீட்டுக்கு எடுத்துப்போனார். அதற்குப் பிறகு கணக்கு இன்னொருவர் தலையில் இருந்தது, அப்புறம் ஒருவர் செல்போனில் இருந்தது, அப்புறம் சண்டையில் முடிந்தது. நாலு வருடத்தில் எங்கள் டீமுக்கு அதற்கு முன் இல்லாத அளவுக்குக் கோப்பைகள் கிடைத்தன. ஐந்தாவது வருடம் பதினொரு பேர் சேரவில்லை.

பிறகு ஏரியும் போனது. மேட்டூர் உபரிநீரைச் சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுவரும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் முதல் கட்டம் 2021இல் தொடங்கியது. எங்கள் ஏரிக்கும் தண்ணீர் வந்தது. பிட்ச் இருந்த இடத்தில் இப்போது கொக்கு நிற்கிறது. கிணற்றில் நீர் ஏறியிருக்கிறது, என் சித்தப்பா கரும்பு போட்டிருக்கிறார், இதற்காக அழுதால் ஊரில் செருப்பால் அடிப்பார்கள். மைதானம் போனதால் டீம் போனது என்று சிலர் சொல்வது மட்டும் கணக்குத் தப்பு. தண்ணீர் வரும்போது அங்கே ஆட யாருமே இல்லை.

இதையெல்லாம் சொன்னால் உடனே ஒருவர் கேட்பார், “நடராஜன் வரலையா?” எங்கள் பக்கத்துச் சின்னப்பம்பட்டிக்காரர்தான். இருபது வயதுவரை டென்னிஸ் பந்தில் ஆடியவர், 2020-21 ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு அறிமுகமானார். பெருமைதான். அவர் அங்கே யார்க்கர் போட்ட நாட்களில் எங்கள் பக்கத்தில் தறியை நிறுத்திவிட்டு மேட்ச் பார்த்தோம். ஆனால் அவர் ஐ.பி.எல். சட்டையில் ‘ஜே.பி. நட்டு’ என்று எழுதியிருந்ததைப் பாருங்கள். ஜே.பி. என்பது ஜெயப்பிரகாஷ், ஊரில் அவரைக் கண்டெடுத்துக் கூட்டிப்போன அண்ணன். 2023இல் சொந்த ஊரில் நடராஜன் அமைத்த ஒரு மைதானமும் திறக்கப்பட்டது. நம்மூர்க்காரர்கள் தேடுவதோ அடுத்த நடராஜனை மட்டும். அடுத்த ஜெயப்பிரகாஷ் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. 2024இல் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் அரசு விளையாட்டுச் சாமான் தொகுப்பு கொடுக்கத் தொடங்கியது. நல்ல விஷயம், எங்கள் காலத்தில் ஒரு பேட்டுக்கு ஏழு வாரம் சந்தா சேர்த்தோம். பேட் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வந்து நிற்கிற ஆளை எந்தத் தொகுப்பில் வைத்துக் கொடுப்பார்கள்?

டீக்கடைப் பேச்சில் கடுப்பாகி அன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அறுபதை நெருங்கிவிட்டார், காது மந்தம், தறிக்காரர்கள் பலருக்கும் வருவதுதான். “நோட்டு இருக்காண்ணா?” என்று இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது. பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பாக்கிப் பட்டியல். முதல் பெயரே என்னுடையது, நாற்பது ரூபாய்.

ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சில்லறை இல்லையே சாமி” என்றார். மீதி இருக்கட்டும் என்றேன். “இருக்கட்டும்னா எந்தக் கணக்குல எழுதறது?” நான் முழித்தேன். அவர் பேனாவைத் தேடினார். முதல் பேனா எழுதவில்லை, பேத்தியின் பென்சிலை வாங்கி என் பெயருக்கு நேரே நாற்பதை அடித்துவிட்டு, கீழே புதிதாக ஒரு கோடு போட்டார். ‘வரவு - 460.’ பிறகு வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பையன்களைக் காட்டிக் கேட்டார், “இப்ப பந்து என்ன விலை?”