ஐந்தாயிரத்துக்குப் பொறி, ஐநூறு கோடிக்கு முன் அனுமதி

பட்டா பெயர் மாற்றத்துக்கு லஞ்சம் வாங்கிய கிராம நிர்வாக அலுவலர் கைது. நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் இந்தச் செய்தி இல்லாத வாரம் அபூர்வம். பினாப்தலின் என்ற ரசாயனம் தடவிய நோட்டு, கரைசலில் கையை நனைத்ததும் இளஞ்சிவப்பாகும் நீர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஜீப்பில் ஏறும் மனிதர். ஊர், பெயர், தொகை மட்டும் மாறும்.

இந்தக் கைதுகள் வீண் என்று சொல்லவில்லை. ஒரு சான்றிதழுக்காக மாதக்கணக்கில் அலைந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும். புகார் கொடுக்கவும் துணிச்சல் வேண்டும். 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்திருந்தால் 7 நாட்களுக்குள் புகார் செய்தாக வேண்டும். முன்கூட்டியே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டுக் கொடுப்பவருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை.

என்னை உறுத்துவது வேறு. பொறியில் சிக்குவது எப்போதும் ஏன் கீழ்நிலை ஊழியர்? மேலே இருப்பவர்கள் எல்லாம் உத்தமர்களா? விடை சட்டத்திலேயே இருக்கிறது. அதே 2018 திருத்தத்தில்தான் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ பிரிவு நுழைந்தது. அரசு ஊழியர் தம் பணியில் எடுத்த முடிவு அல்லது செய்த பரிந்துரை பற்றிய புகார் என்றால், அரசின் முன் அனுமதி இல்லாமல் காவல்துறை விசாரணையைத் தொடங்கவே முடியாது. வழக்கு நடத்த 19ஆம் பிரிவின்படி பெறும் அனுமதி தனி. கையும் களவுமாகப் பிடிப்பதற்கு மட்டும் 17ஏ விலக்கு தருகிறது.

நடைமுறையில் என்ன ஆகிறது? கையில் காசு வாங்குபவரைப் பிடிக்க யாரையும் கேட்க வேண்டாம். ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனையை ஒரே நிறுவனத்துக்குப் பொருந்தும்படி எழுதியவரை விசாரிக்கக் கோப்பு மேலே போக வேண்டும். பல நேரங்களில், அந்த நிபந்தனைக்கு ஒப்புதல் கொடுத்த அதே அரசிடம்! மூன்று மாதங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், தேவையானால் இன்னும் ஒரு மாதம் என்கிறது சட்டம். கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

இது புதிய கதையும் அல்ல. இணைச் செயலாளர் நிலையிலும் அதற்கு மேலும் உள்ள மத்திய அரசு அதிகாரிகளுக்கு இருந்த இதே போன்ற கவசத்தை 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு ரத்து செய்தது. ஊழல் புகாருக்கு ஆளானவர்களைப் பதவியின் உயரம் பார்த்துப் பிரிக்கக் கூடாது என்பதுதான் சாரம். நான்கே ஆண்டுகளில் அந்தக் கவசம் எல்லாப் பதவிகளுக்கும் என்று விரிந்து திரும்பி வந்தது. பார்வைக்குச் சமத்துவம். ஆனால் ‘முடிவு’ எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கிராம நிர்வாக அலுவலரிடமா?

நேர்மையான அதிகாரி பயமில்லாமல் கையெழுத்துப் போட வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொய்ப் புகாரால் அலைக்கழிந்த நல்ல அதிகாரிகள் உண்டு. வடிகட்டி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். அது ஆட்சியில் இருப்பவர் கையில் ஏன் இருக்க வேண்டும்? தமிழ்நாட்டில் ஊழல் புகார்களை விசாரிக்க 2018ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த லோக் ஆயுக்தா இருக்கிறது. அந்த வேலையை அதனிடம் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

பெரிய ஊழலில் ரசாயனம் தடவிய நோட்டுக்கு வேலை இல்லை. அங்கே பேசுவது காகிதம். வாங்காத தீவனத்துக்குக் கணக்கு எழுதி அரசுப் பணத்தைச் சுருட்டிய பீகார் மாட்டுத்தீவன ஊழலை நினைத்துப் பாருங்கள். 1996இல் சாய்பாசா துணை ஆணையராக (நம் ஊர் மாவட்ட ஆட்சியரைப் போன்ற பதவி) இருந்த அமித் கரே கால்நடைத் துறை அலுவலகங்களில் சோதனை நடத்தியபோது அது பெரிதாக வெடித்தது. சரக்கு ஏற்றியதாகக் கணக்குக் காட்டிய வாகனங்களின் பதிவெண்களைத் தேடினால் அவற்றில் ஸ்கூட்டர்களும் இருந்தன. பட்டியலையும் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் மோசடி அது. அங்கேகூட மத்திய புலனாய்வுத் துறை உள்ளே வர உயர் நீதிமன்ற உத்தரவு தேவைப்பட்டது.

நம் ஊரில் பெரிய கோப்புகள் திறப்பதற்கு ஒரு பருவம் உண்டு: ஆட்சி மாறிய முதல் சில மாதங்கள். 1991 முதல் 1996 வரையிலான காலத்துக்கான ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கு ஆட்சி மாறிய பிறகுதான் பதிவானது. நேர்மையான விசாரணை நடக்க வேண்டுமென்று 2003இல் உச்ச நீதிமன்றம் அதைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. இறுதித் தீர்ப்பு வந்தது 2017இல், அவர் மறைந்த பிறகு. இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்ற பேச்சே இல்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது ஆளுநரிடம் புகார்ப் பட்டியல் கொடுப்பவர்கள், நாற்காலியில் அமர்ந்ததும் லஞ்ச ஒழிப்புத் துறையைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளவே விரும்புகிறார்கள்.

இன்னொன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து அந்தத் துறைக்கு 2008இல் தமிழ்நாடு அரசு விலக்கு அளித்தது. உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கான 24ஆம் பிரிவின் கீழ்! ஊழல் குற்றச்சாட்டு பற்றிய தகவலுக்கு விலக்கு பொருந்தாது என்று அதே பிரிவு சொல்வதை யாரிடம் போய்ச் சொல்ல?

விசாரணை ரகசியம் வேண்டாம், சாட்சிகளின் பெயர் வேண்டாம். 17ஏயின் கீழ் அனுமதி கேட்டு எத்தனை கோப்புகள் போயின, எந்தத் தேதியில் போயின, எந்தத் தேதியில் என்ன பதில் வந்தது? ஆண்டுக்கு ஒருமுறை இதைச் சட்டப்பேரவையில் வைக்கட்டும். பெயர்களை மறைத்துக்கொள்ளட்டும், தேதிகள் போதும்.