பக்கத்தை மூடத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்

சமூக அறிவியல் ஆசிரியராகப் போகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். போன வாரம் ஓர் ஆய்வு நிறுவனத்தின் இணையப் பக்கத்தைத் திரையில் போட்டு, "இதை நம்பலாமா?" என்று கேட்டேன். நன்றாகப் படிக்கும் ஒரு பயிற்சி ஆசிரியை வரி வரியாகப் படித்தார். அடிக்குறிப்புகளைப் பார்த்தார், 'எங்களைப் பற்றி' பகுதிக்கும் போய்வந்தார். கால் மணி நேரம் கழித்து, "நம்பலாம் சார்" என்றார். பக்கத்தை மூடிவிட்டு அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடச் சொன்னேன். ஒரே நிமிடம்தான். ஒரு தொழில்துறைக்காக விளம்பரக் கம்பெனி நடத்தும் தளம் அது. அவர் முகம் வாடிப்போனது.

தப்பு அவருடையது இல்லை. நாங்கள் பழக்கியது அப்படி. கையில் கிடைத்த ஆவணத்தை ஆழ்ந்து படி, சொல்லுக்குச் சொல் ஆராய் என்பதுதானே வரலாற்றுப் பாடத்தின் அடிப்படை? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ என்ற ஆய்வாளர்கள் 10 வரலாற்றாசிரியர்கள், 10 செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்களிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முனைவர் பட்டம் வாங்கிய வரலாற்றாசிரியர்களே பக்கத்தின் அழகான தோற்றத்தில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று வெளியே வந்து, புது டேப்களைத் திறந்து, மற்றவர்கள் இந்தத் தளத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். பல வருடங்களாக ஊறிய பழக்கத்துக்கு எதிரானது இது. ஒரு மணி நேரக் கருத்தரங்கில் வந்துவிடாது. கை பழக வேண்டும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. பொய்ச்செய்தி பற்றி நான்கு வகுப்பு எடுத்ததும், "அப்படின்னா எல்லாமே பொய்தானே சார்?" என்று ஒருவர் கேட்டார். எனக்குப் பகீரென்றது. எதையும் நம்பாதவன் கடைசியில் தனக்குப் பிடித்ததை மட்டும் நம்புவான். அதனால் நல்ல செய்தி எப்படி உருவாகிறது என்பதையும் காட்டியாக வேண்டும்: நிருபர் யாரிடமெல்லாம் பேசினார், எந்த ஆவணத்தைப் பார்த்தார், தவறு நேர்ந்தபோது அந்தப் பத்திரிகை திருத்தம் வெளியிட்டதா. செய்தி எது, கருத்து எது, காசு கொடுத்துப் போட்டது எது என்பதையும்தான். 2016-இல் அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வில், விளம்பரதாரர் உள்ளடக்கம் என்று எழுதியிருந்தும் அதைச் செய்தி என்றே நினைத்த நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் 80 சதவீதத்துக்கும் மேல்.

கற்பித்தல் பயிற்சியில் வரைபடத்துக்கும் ஆண்டுகளுக்கும் பாடத்திட்டம் எழுதவைத்து மதிப்பெண் போடுகிறோம். வகுப்பு நடுவில் ஒரு பையன் எழுந்து, "எங்க மாமா இதை ஃபார்வர்டு பண்ணினார், உண்மையா மிஸ்?" என்று கேட்டால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்ப்பதே இல்லை. அதுவும் அரசியல் செய்தி என்றால் பாதிப் பேர் பயந்து பேச்சை மாற்றிவிடுவார்கள். மாமாவையும் அவமதிக்காமல், பொய்யையும் விட்டுவிடாமல் பேசுவது பெரிய வேலை. பழகாமல் யாருக்கும் வராது.

இப்போது என் வகுப்பில் வாரம் ஒருமுறை இதைச் செய்கிறோம். ஒருவர் மாணவராக எழுந்து அன்றைக்கு வந்த ஒரு செய்தியைக் காட்டுவார், இன்னொருவர் ஆசிரியராக நின்று எல்லோர் கண்ணெதிரிலும் தேடிக் காட்ட வேண்டும். "அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்ல அனுமதி கிடையாது, "எனக்கும் தெரியாது, வா சேர்ந்து தேடலாம்" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் நண்பர்களே, நீங்கள் நேரில் உட்கார்ந்து மதிப்பெண் போடும் பாடங்களில் ஒன்றாவது இப்படி இருக்கட்டும்.