சேர்க்கைப் பட்டியலும் பணிச்சுமைப் பட்டியலும் ஒரே மேசைக்கு வரவேண்டும்

கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவைப் புதிதாகத் தொடங்குவது, எதற்கு இன்னொரு வகுப்புக் கேட்பது, எதை இந்த ஆண்டோடு நிறுத்திக்கொள்வது என்ற முடிவுகள் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் பெரும்பாலும் மே மாதத்து விண்ணப்ப எண்ணிக்கையைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன. அதே கல்லூரியின் அலுவலகத்தில் ஆண்டுவாரியான மாணவர் பெயர்ப் பட்டியல் ஓர் அலமாரியிலும், எந்த ஆசிரியருக்கு வாரம் எத்தனை மணி நேர வகுப்பு என்று காட்டும் துறைவாரியான பணிச்சுமைப் பட்டியல் இன்னோர் அலமாரியிலும் பத்திரமாக இருக்கும். அகில இந்திய உயர்கல்வி ஆய்வுக்குப் புள்ளிவிவரம் ஏற்றும்போதும், கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் ஆய்வின்போதும் இரண்டும் தூசி தட்டப்பட்டு வெளியே வரும். வேலை முடிந்ததும் உள்ளே போய்விடும். பாடப்பிரிவுகளைத் திட்டமிடும் கூட்டத்துக்கு இவ்விரண்டும் வந்து நான் பார்த்தது அபூர்வம். நெடுங்காலமாகக் கால அட்டவணை போடும் பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் விண்ணப்ப எண்ணிக்கையை எடுத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் தூய சவேரியார், தூய யோவான், சாரா டக்கர், சதக்கத்துல்லா அப்பா என்று கல்லூரிகள் சில கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன; பேட்டைப் பக்கம் போனால் ம.தி.தா. இந்துக் கல்லூரி. பி.காம். படிக்க நினைக்கும் ஒரு மாணவர் இவற்றில் மூன்று நான்கு இடங்களிலாவது விண்ணப்பம் போட்டு வைப்பார். அந்த ஒருவரை ஒவ்வொரு கல்லூரியும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, "வணிகவியலுக்குக் கூட்டம் அலைமோதுகிறது" என்று அடுத்த வகுப்புக்கு விண்ணப்பிக்கிறது. அறிவியல் பிரிவுகளில் நடப்பது வேறு விதம். ஜூனில் கணிதத்திலும் இயற்பியலிலும் சேர்ந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினர், பொறியியல் கலந்தாய்வும் செவிலியர், துணை மருத்துவப் படிப்புகளின் சேர்க்கையும் முடியும்போது மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலக ஜன்னலில் வந்து நிற்பார்கள். ஐப்பசி மாதத்துத் தாமிரபரணி வெள்ளத்தைப் பார்த்துவிட்டு, ஜூனில் தொடங்கும் கார் சாகுபடிக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்கிறவர் யாரும் நம் ஊரில் இல்லை. கல்லூரிகளில் மட்டும் அப்படிச் செய்கிறோம். ஜூனில் சேர்ந்தவர் எத்தனை பேர், செப்டம்பரில் நிலைத்தவர் எத்தனை பேர், அவர்களில் ஐந்தாம் பருவத்துக்குத் தேர்வுக் கட்டணம் கட்டியவர் எத்தனை பேர் என்று ஒரே அணியை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தால்தான் ஒரு பாடப்பிரிவின் உண்மையான பலம் தெரியும்.

அடுத்தது, தலைக்கணக்கு வேறு, மணிக்கணக்கு வேறு. இங்கேதான் நிர்வாகங்கள் பெரிதும் தடுமாறுகின்றன. இளநிலை வகுப்பு ஒன்றுக்கு வாரத்துக்கு 30 மணி நேரம். மூன்று ஆண்டு வகுப்புகளுக்கும் சேர்த்து வாரம் 90. இளங்கலைக் கணிதத்தை எடுத்துக்கொண்டால், முதல் இரண்டு ஆண்டுகளில் தமிழுக்கு வாரம் ஆறு, ஆங்கிலத்துக்கு ஆறு என்று வைத்தாலே 24 மணி நேரம் மொழித்துறைகளுக்குப் போய்விடும். பிற துறை நடத்தும் சார்புப் பாடமும் மற்றவையும் போக ஏறத்தாழ 50 மணி நேரம் கணிதத் துறைக்கு நிற்கும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உதவிப் பேராசிரியர் ஒருவருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் என்பதால், மூன்று பேருக்குச் சற்று மேலாக வேண்டும். வகுப்பில் 60 பேர் இருந்தாலும் 20 பேர் இருந்தாலும் இந்தக் கணக்கில் ஒரு மணி நேரம்கூடக் குறையாது. "மாணவர் மூன்றில் ஒரு பங்காகிவிட்டனர், ஆகவே ஆசிரியரும் ஒருவர் போதும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லும்போது, மற்ற இரண்டு பங்கு வகுப்பை யார் எடுப்பார் என்று கேட்க அந்தப் பணிச்சுமைப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

எண்ணிக்கை கூடும்போது இன்னொரு விதமான சிக்கல் வரும். அரசு அனுமதிக்கும் ஆண்டுகளில் கூடுதல் இடங்களை நிரப்பிக்கொள்கிறோம். வணிகவியலில் நாலு பெஞ்சு சேர்த்துப் போட்டால் பிரச்சினை முடிந்தது. வேதியியலில் முடியாது. முப்பது பேர் நின்று செய்யும்படி அமைந்த ஆய்வகத்தில் முப்பத்தாறு பேரை விட்டால், பியூரெட்டில் அளவு பார்ப்பவரின் முழங்கை அடுத்தவரின் குடுவையில் இடிக்கும். ஆசிரியர் வேறு வழியின்றி இன்னோர் அணியாகப் பிரிப்பார். ஆறு பேருக்காக மூன்று மணி நேர ஆய்வக வகுப்பு இன்னொரு முறை நடக்கும். அந்த மூன்று மணி நேரம் யாருடைய பணிச்சுமையிலும் எழுதப்படாமல், பெரும்பாலும் குறைந்த ஊதியத்தில் இருக்கும் தற்காலிக விரிவுரையாளரின் தலையில் விழும்.

ஒரு துறையை மூடுவது அந்தத் துறையோடு நிற்பதும் இல்லை. மேலே சொன்ன கணிதப் பிரிவை நிறுத்தினால் தமிழ்த் துறையில் 12 மணி நேரமும் ஆங்கிலத் துறையில் 12 மணி நேரமும் போகும். ஒவ்வொன்றும் முக்கால் பணியிடம். மறுபுறம், கணினி அறிவியலுக்கும் இயற்பியலுக்கும் சார்புக் கணிதம் நடத்த ஆள் வேண்டும் என்பதால் கணித ஆசிரியர் தேவை முற்றாகத் தீர்ந்துவிடாது. மூடுவதற்கு முன் செய்துபார்க்கக்கூடியவை இருக்கின்றன. கணிதத்தில் 18 பேரும் இயற்பியலில் 22 பேரும் இருந்தால் அவர்களுடைய தமிழ் வகுப்பை ஒரே அறையில் நடத்தலாம். வாரம் ஆறு மணி நேரம் மிஞ்சும். ஆனால் இந்த எண்கள் கால அட்டவணை போடுபவர் கைக்கு வகுப்புகள் தொடங்கும் முன்பே வரவேண்டும். ஆகஸ்டில் வந்து சேரும் பட்டியலை வைத்துக்கொண்டு ஓடுகிற அட்டவணையைக் கலைக்க எந்தத் துறைத் தலைவரும் சம்மதிப்பதில்லை. (அதில் நியாயமும் இருக்கிறது.)

பெயர்ப் பட்டியலில் முகவரிக் கலத்தை யாரும் படிப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். சுயநிதிப் பிரிவுகளைப் பிற்பகல் ஷிப்டில் வைக்கிறோம். வகுப்பு முடிந்து பேருந்து நிலையம் வந்து, களக்காட்டுக்கோ முக்கூடலுக்கோ பஸ் ஏறி, அங்கிருந்து கிராமத்துக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டிய பெண் பிள்ளைகள் இரண்டாம் பருவத்தில் ஏன் குறைகிறார்கள் என்பதற்கு அந்தக் கலமே பதில் சொல்லும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வரும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் வந்தபின் சேரத் தயங்கியவர்களும் சேர்கிறார்கள். அவர்களைத் தக்கவைக்கத் தேவைப்படுவது புதிய பாடப்பிரிவா, அதே பாடப்பிரிவைக் காலை ஷிப்டுக்கு மாற்றுவதா என்று கேட்டுப்பார்க்கலாமே.

ஆசிரியர்கள் இந்த அறிக்கைகளைக் கண்டு அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. பள்ளிக்கல்வியில் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கை எடுக்கப்பட்டு, யார் உபரி என்று பட்டியலிடப்பட்டு, பணிநிரவல் என்று இன்னொரு ஊருக்கு அனுப்பப்படுவதை ஒவ்வொரு குடும்பமும் பார்த்திருக்கிறது. எண்ணிக்கை என்றாலே ஆள் குறைப்பு என்று மனத்தில் பதிந்துவிட்டதால், குறைந்த எண்ணிக்கையை மறைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. நின்றுபோன மாணவர் பெயர் வருகைப் பதிவேட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பது அதனால்தான். இந்த மறைப்பு ஆசிரியரைக் காப்பாற்றுவதில்லை என்பதே என் கருத்து. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஓய்வுபெறுபவரின் இடம் ஆண்டுக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும்போது, அந்த இடத்துக்கு இத்தனை மணி நேர வேலை இருக்கிறது என்று நிரூபிக்கும் ஒரே ஆவணம் ஒழுங்கான பணிச்சுமைப் பட்டியல்தான். அதில் ஒவ்வொருவருக்கும் 60 வயது நிறையும் ஆண்டையும் ஒரு கலமாகச் சேர்த்துவிட்டால், எந்தத் துறையில் எப்போது பள்ளம் விழும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் தரவு அறிவியல் பட்டப்படிப்பு பெரிய விளம்பரத்தோடு தொடங்கப்பட்டது. முதலாண்டு இடங்கள் நிரம்பின. முதலாண்டுத் தாள்களை இருக்கிற கணினி ஆசிரியர்களும் புள்ளியியல் தெரிந்த கணித ஆசிரியரும் சமாளித்துவிட்டார்கள். அந்தக் கணித ஆசிரியர் ஓய்வுபெற்றது மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது. அவர் பிறந்த தேதி பணிப் பதிவேட்டில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. மூன்றாம் ஆண்டுத் தாள்களை மாதம் ஒருவராக மாறிய தற்காலிக ஆசிரியர்கள் நடத்தினார்கள்.

ஆகவே பல்கலைக்கழகத்துக்கு இணைவு விண்ணப்பம் அனுப்புவதற்கு முன் ஒரு நிபந்தனை போதும் என்று கருதுகிறேன். புதிய பாடப்பிரிவின் ஆறு பருவத் தாள்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக அதை நடத்தப்போகும் ஆசிரியரின் பெயரையும் அவருக்கு அந்த ஆண்டில் மிஞ்சியிருக்கும் மணி நேரத்தையும் எழுத வேண்டும். பெயர் எழுத முடியாத தாளுக்கு நேராகப் புதிய நியமனத்துக்கான நிதி ஒதுக்கீட்டை எழுத வேண்டும். இரண்டும் இல்லாத விண்ணப்பத்தில் முதல்வர் கையெழுத்திடக் கூடாது. அந்த ஆண்டு பக்கத்துக் கல்லூரி அதே பாடப்பிரிவைத் தொடங்கினாலும் சரி.