தோற்கவே தெரியாத டெஸ்ட் எதற்கு?

நாம் எழுதும் நிரலை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றுவது கம்பைலர். அதைச் சோதிக்கும் டெஸ்ட் உடைந்தால் எனக்குக் கோபம் வராது. உடையத்தானே எழுதி வைத்திருக்கிறோம். உடைய வேண்டிய நேரத்தில் உடையாமல் வருடக்கணக்கில் பச்சை டிக் காட்டிக்கொண்டு இருக்கிறதே ஒரு ரகம், அதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வாரம் கண்ணில் பட்டது இது. நிரலை வேகமாக்க கம்பைலர் செய்யும் ஒரு ஆப்டிமைசேஷன், குறிப்பிட்ட ஃபங்ஷன் அழைப்பை முழுதாக நீக்கிவிட வேண்டும். நீக்கியதா என்று பார்க்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓடும் கட்டளைகள். கம்பைல் செய்கிறது, இயந்திரக் கட்டளைகளாக வந்த அசெம்பிளி ஃபைலில் அந்த ஃபங்ஷனின் பெயரை கிரெப் என்ற தேடும் கருவியைப் போட்டுத் தேடுகிறது. பெயர் கிடைக்கக் கூடாது என்பதால் கிரெப்புக்கு முன்னால், பதிலைத் தலைகீழாக்கும் ஒரு ஆச்சரியக்குறி. படித்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் அந்த அவுட்புட் ஃபைலின் பெயர் எப்போதோ மாறிவிட்டது! கிரெப் ‘அப்படி ஒரு ஃபைலே இல்லை’ என்று சொல்லிவிட்டு எக்சிட் கோடு 2 தருகிறது (எப்படி முடிந்தது என்று சொல்லும் எண் அது). ஆச்சரியக்குறி அதை 0 ஆக்குகிறது. 0 என்றால் பாஸ். கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, தேடவே முடியாவிட்டால் 2 என்று கிரெப் ஒழுங்காக மூன்று பதில் சொல்கிறது. கடைசி இரண்டையும் ஒன்றாக்கித் தொலைக்கிறது அந்த ஒற்றைக் குறி.

சரி, ஃபைல் பெயரைத் திருத்திவிட்டால் போதுமா? போதாது. ஸ்கிரிப்ட்டின் தலையில் ‘செட் மைனஸ் ஈ’ (set -e) இருக்கிறது, எது தோற்றாலும் அங்கேயே நின்றுவிடும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆச்சரியக்குறி போட்ட கட்டளைக்கு அது செல்லாது. ஷெல்லின் விதியே அதுதான். நீக்க வேண்டிய பெயர் உண்மையிலேயே அவுட்புட்டில் இருந்தாலும் ஸ்கிரிப்ட் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். அதாவது கம்பைல் மட்டும் ஆகிவிட்டால், அந்தப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சோதனை தோற்க வழியே இல்லை. இதை நம்பி எத்தனை பேர் அந்த ஆப்டிமைசேஷனில் கை வைத்திருப்பார்கள்? ‘டெஸ்ட் இருக்கிறது, உடைந்தால் சொல்லும்’ என்ற தைரியத்தில்தானே?

ஷெல்லை விட்டுவிட்டால் தப்பித்தோம் என்றும் இல்லை. எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தில், அவுட்புட்டைச் சரிபார்க்கும் ஃபைல்செக் என்ற கருவி உண்டு. அதில் ‘செக்’ என்று எழுதி அதன் பின்னால் கோலனை விட்டுவிட்டால் அந்த வரி வெறும் கமென்ட். ஃபைலில் ஒரு செக் வரிகூட இல்லாவிட்டால் அது எரர் கொடுக்கும், உண்மைதான். பத்து வரியில் ஒன்று மட்டும் செத்துக் கிடந்தால் மூச்சு விடாது. ஜிசிசி என்ற கம்பைலர் பயன்படுத்தும் டெஜாக்னு என்ற டெஸ்ட் கருவியில் சுருள் அடைப்புக்குறிக்கு அடுத்து ஒரு இடைவெளி விடாவிட்டால் போதும், அந்தக் கட்டளை கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். ஒரு இடைவெளி! ஃபைல்செக்கின் ‘செக்-நாட்’ வரிகள் இன்னும் மோசம். வரக் கூடாது என்று சொன்ன ஃபங்ஷனுக்கு யாரோ பெயர் மாற்றிவிட்டால், பழைய பெயர் இனி எந்த அவுட்புட்டிலும் வரப்போவதில்லை. டெஸ்ட் காலாகாலத்துக்கும் பாஸ்.

இதையெல்லாம் சொன்னால் வரும் பதில்தான் என்னைக் கொதிக்க வைக்கிறது: “கவனமாக எழுதணும், ரிவ்யூவில் பார்க்கணும்.” நள்ளிரவில் முந்நூறு வரி பேட்ச், அதாவது மாற்றிய நிரல் வரிகள், படிக்கிறவர் கண்ணில் ஒரு கோலன் இல்லாதது படுமா? கண்ணுக்குத் தெரியாத தவறைக் கண்டுபிடிக்கச் சொல்லி மனிதர்களைக் குறை சொல்வது நியாயமே இல்லை. கருவி கத்த வேண்டும்.

முடியாத காரியமும் இல்லை. ரஸ்ட் என்ற நிரல்மொழியின் கம்பைலர்க்காரர்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். டெஸ்ட் கட்டளைகள் சாதாரண கமென்ட் போலவே இருந்ததால் எழுத்துப்பிழை எது, கமென்ட் எது என்று தெரியாமல் இருந்தது. 2024-இல் இரண்டு சாய்கோட்டுக்குப் பின் ஒரு ‘அட்’ குறி (//@) கட்டாயம் என்று மாற்றினார்கள். அதனால் தெரியாத கட்டளை வந்தால் எரர் என்று சொல்ல முடிகிறது. மேக் என்ற பில்டு கருவியின் மேக்ஃபைலில் இருந்த டெஸ்ட்டுகளை ரஸ்ட்டிலேயே திருப்பி எழுதினார்கள். மேக்கில் ஒரு வேரியபிள் பெயரைத் தப்பாக அடித்தால் அது காலி எழுத்தாகிவிடும், ஒரு சத்தமும் வராது. ரஸ்ட்டில் கம்பைலே ஆகாது. அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது, ஒரு கமாண்டை உருவாக்கிவிட்டு ஓட்ட மறந்தால் டெஸ்ட் அங்கேயே பேனிக் ஆகும், அதாவது எரரோடு நின்றுவிடும். மறதியைக்கூடத் தோல்வியாக்கியிருக்கிறார்கள். அப்படித்தான் யோசிக்க வேண்டும்!

நம் நிரல் இருக்கும் ரெப்போவில் இதில் பாதியாவது வர வேண்டும். ‘இந்தப் பெயர் இருக்கக் கூடாது’ என்று பார்க்கும் ஹெல்பர், ஃபைல் இருக்கிறதா, காலியாக இல்லையா என்று முதலில் பார்க்கட்டும். அதே ஃபைலில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு பெயரையும் சேர்த்தே கேட்கட்டும். தெரியாத கட்டளை எதுவானாலும் சிவப்பு. பக் சரிசெய்யும் பேட்ச்சோடு டெஸ்ட் வந்தால், சரிசெய்த வரிகளை எடுத்துவிட்டு அந்த டெஸ்ட்டை ஒருமுறை ஓட்டி, அது தோற்றதைக் காட்டும் லாகை (ஓட்டிய பதிவை) ரிவ்யூவில் ஒட்டுங்கள். அந்த லாக் இல்லாமல் இனி எந்த டெஸ்ட்டுக்கும் நான் அப்ரூவ் கொடுக்கப் போவதில்லை.