முதலில் கதையைப் படியுங்கள்

ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்கச் சிறுகதைகள் பற்றிய ஜூம் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யார் பெயரையும் சொல்லப்போவதில்லை. பத்து அமெரிக்கச் சிறுகதைகள், எதிரே பத்து இலக்கிய இயக்கங்கள் என்று ஓர் அட்டவணை. "கதையைப் படிக்க நேரமில்லாதவர்கள் இதைக் குறித்துக்கொண்டால் போதும்" என்றார் நடத்தியவர். அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் கதையைப் படியுங்கள். இயக்கம் அப்புறம். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன்.

ஹெர்மன் மெல்வில்லின் 'பார்ட்டில்பி' 1853இல் வந்தது. அட்டவணையில் அதற்கு எதிரே 'ரொமாண்டிசிசம், அமெரிக்க மறுமலர்ச்சி' என்றிருந்தது. ரொமாண்டிசிசம் என்றால் உணர்ச்சி, கற்பனை, இயற்கை இவற்றைத் தூக்கிப்பிடிக்கும் இயக்கம். கதையில் காடு இல்லை, பேய் இல்லை. வால் ஸ்ட்ரீட்டில் ஒரு வக்கீல் ஆபீஸ். ஜன்னலுக்கு மூன்றடி தள்ளிச் சுவர். நூறு சொல்லுக்கு நாலு சென்ட் கூலிக்கு நகலெடுக்கும் ஒருவன், ஒருநாள் "செய்யாமல் இருக்கவே விரும்புகிறேன்" என்கிறான். இதில் ரொமாண்டிசிசம் எங்கே என்று கேட்டது தப்பா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே வந்த எழுத்துகளுக்கு 'அமெரிக்க மறுமலர்ச்சி' என்ற பெயர் நிலைத்ததே 1941இல் விமர்சகர் மத்தீசன் எழுதிய புத்தகத்தால்தான். மெல்வில் 1891இலேயே போய்விட்டார். எழுத்து சோறு போடாமல் நியூயார்க் சுங்கத்துறையில் 19 வருடம் வேலை பார்த்த மனிதர். ஐம்பது வருடம் கழித்து வந்த பெயரை மனப்பாடம் செய்துவிட்டு, அவர் எழுதியதைப் படிக்க நேரமில்லை என்றால் எப்படி?

"அப்போ இயக்கங்களே வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும். ஸ்டீஃபன் கிரேனின் 'திறந்த படகு' கதையைப் படித்தபோது நேச்சுரலிசம் என்ற சொல் எனக்கு உதவியது. மனிதனின் கதியை இயற்கையும் சூழலுமே தீர்மானிக்கின்றன என்று காட்டும் எழுத்துக்கு அந்தப் பெயர். 1897 ஜனவரியில் ஃபுளோரிடா பக்கம் கப்பல் மூழ்கி, சின்னப் படகில் அவரே தத்தளித்த அனுபவம் அது. நாலு பேரில் கரையை நோக்கி எல்லோருக்கும் முன்னால் நீந்திப் போனவன்தான் சாகிறான். கடல் யாருடைய திறமையையும் பார்ப்பதில்லை. அதைக் கதையில் பார்த்த பிறகுதான் அந்தச் சொல்லுக்கே எனக்கு அர்த்தம் வந்தது.

"மாணவர்களுக்குப் பரீட்சை இருக்கே." சரி, இருக்கட்டும். கதையைப் படித்தவன் பரீட்சையில் தோற்றுவிடுவானா?

கூட்டத்தின் சாட் பெட்டியில் ஒருவர், "நீங்க லிட்ரேச்சர் படிச்சவரா?" என்று கேட்டிருந்தார். இல்லை. நான் பத்திரம் எழுதுபவரின் மகன். அப்பா முப்பது வருடம் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதினார். நகல் எழுதி முடித்ததும் ஒருவர் வாசிக்க, இன்னொருவர் மூலத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். பள்ளிக்கூட லீவில் வாசித்துக் கொடுத்தவன் நான். பார்ட்டில்பி முதன்முதலில் மறுக்கிற வேலை அதேதான்! அதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இதெல்லாம் அட்டவணையின் எந்தக் கட்டத்தில் வரும்?

கதையைப் படித்த அன்று ராத்திரி அப்பாவுக்கு முழுக்கதையும் சொன்னேன். சிறையில் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லி, சுவரோரம் முழங்காலை மடக்கிப் படுத்தபடியே செத்துப்போனான் என்றதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை.

"எந்த ஊருன்னு யாராச்சும் அவன்கிட்ட கேட்டாங்களா?"

"வக்கீல் கேட்டார்ப்பா. அதையும் சொல்ல விரும்பலைன்னுட்டான்."

"அப்போ ரொம்பத் தாமதமா கேட்டிருக்காரு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இதைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று மைக்கை மியூட் செய்துவிட்டார்கள்.