நுணல் வேறெங்கோ கத்திக்கொண்டிருந்தது

ஜெர்மனியில் செய்த பொருள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது என் மாமாவின் கட்சி. போன வாரம் அவரிடம் பிஸ்கே சிலுவையைப் பற்றிச் சொன்னேன். நான் கதை கட்டுகிறேன் என்று எழுந்து போய்விட்டார். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஆகஸ்டில், ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு மெடாக்ஸ் என்றொரு கருவி வந்தது. எதிரி விமானத்தின் ரேடார் அலை மேலே பட்டால் ஒலி எழுப்பி எச்சரிக்கும். அதன் ஆன்டெனா என்பது மரச் சிலுவையில் சுற்றிய கம்பி, அவ்வளவுதான். பிரான்ஸின் மேற்கே உள்ள பிஸ்கே விரிகுடாவைக் கடக்கும்போது தேவைப்பட்டதால் பிஸ்கே சிலுவை என்று பெயர். கப்பல் நீருக்கு மேலே வந்ததும் ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு ஏணியேறி, கோபுர மேடையில் நிறுத்தி, கையாலேயே திருப்ப வேண்டும். கேபிள் திறந்த மூடி வழியாக உள்ளே இறங்கும். விமானம் வந்துவிட்டால் சிலுவை, கேபிள் எல்லாவற்றையும் உள்ளே இழுத்த பிறகுதான் மூடியைச் சாத்த முடியும். உயிர் தப்ப அரை நிமிடத்தில் மூழ்க வேண்டிய கப்பலில் இந்த ஏற்பாடு! தூர்தர்ஷனுக்காக மொட்டைமாடியில் ஆன்டெனா திருப்பிய தலைமுறைக்கு அந்த மாலுமியின் பாடு கொஞ்சம் புரியும். நம் தலையில் யாரும் குண்டு போடவில்லை என்பதுதான் வித்தியாசம்.

ஆனாலும் சில மாதங்கள் அது காப்பாற்றியது. பிரிட்டிஷ் விமானங்கள் அப்போது சுமார் ஒன்றரை மீட்டர் அலையில் தேடிக்கொண்டிருந்தன. மெடாக்ஸுக்கு அது கேட்டது. 1943 மார்ச்சில் பத்து சென்டிமீட்டர் ரேடாரோடு விமானங்கள் வந்தன. 1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் உருவாக்கிய மேக்னட்ரான் குழாய்தான் அதன் இதயம். மெடாக்ஸின் காதுக்கு அந்த அலை எட்டவே எட்டாது. சிலுவை வாய்மூடி நிற்க, இருட்டிலிருந்து திடீரென்று விமானத்தில் பொருத்திய லீ தேடுவிளக்கின் வெளிச்சம் பாயும், அடுத்து குண்டு.

இதில் என்னை எரிச்சலூட்டுவது, அவர்களுக்குத் தெரியாமல் இது நடக்கவில்லை என்பதுதான். அந்தப் பிப்ரவரியிலேயே ரோட்டர்டாம் அருகே விழுந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்திலிருந்து சென்டிமீட்டர் அலைக் கருவி ஒன்று அவர்கள் கையில் சிக்கிவிட்டது. அதற்கு ‘ரோட்டர்டாம் கருவி’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் பத்து சென்டிமீட்டர் அலையைக் கேட்கும் நாக்ஸோஸ் என்ற கருவி நீர்மூழ்கிகளுக்கு வந்து சேர இலையுதிர் காலம் ஆகிவிட்டது. அதற்குள் மே மாதம் மட்டும் 41 நீர்மூழ்கிகள் அழிந்துபோயிருந்தன. ஜெர்மன் கடற்படைத் தலைவர் டோனிட்ஸ் மே 24 அன்று வட அட்லாண்டிக் வழித்தடங்களிலிருந்து தன் படையைப் பின்வாங்கச் சொல்லியிருந்தார். வந்த நாக்ஸோஸும் தொடக்கத்தில் சில கிலோமீட்டருக்கு மேல் எட்டவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டரில் வரும் விமானம் ஐந்து கிலோமீட்டரை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும்.

ரோட்டர்டாம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வானொலி அலையை அனுப்பி, கப்பலில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கும் கருவியை 1904இலேயே அந்தத் துறைமுகத்தில் செய்து காட்டியவர் ஒரு ஜெர்மன்காரர், ஹுல்ஸ்மையர். வாங்க ஆளில்லை. பிற்பாடு ஜெர்மனியின் கிராஃப் ஸ்பே போர்க்கப்பல் போருக்கு முன்பே ரேடார் சுமந்து சென்றது. ஆக, இந்த வித்தையில் அவர்கள் பின்தங்கித் தொடங்கியவர்கள் அல்லர். நீர்மூழ்கிகளுக்கும் சொந்த ரேடார் பிறகு வந்தது, குறைந்த எண்ணிக்கையில். அதை இயக்கத் தளபதிகள் தயங்கினார்கள். அலையை அனுப்பினால் எதிரி மோப்பம் பிடித்துவிடுவானே என்ற பயம்.

அந்தப் பயம்தான் கதையின் மையம் என்பது என் கருத்து. 1943 ஆகஸ்டில், பிடிபட்ட பிரிட்டிஷ் விமானப்படை வீரர் ஒருவர் விசாரணையில் ஒரு சரடு விட்டார்: எங்கள் விமானங்கள் ரேடாரை அதிகம் பயன்படுத்துவதில்லை, உங்கள் மெடாக்ஸ் கசியவிடும் அலையைப் பிடித்துத்தான் வருகின்றன. சோதித்துப் பார்த்தார்கள். மெடாக்ஸ் உண்மையிலேயே கொஞ்சம் அலையைக் கசியவிட்டது! உடனே அதை அணைக்க உத்தரவு பறந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்களே, தங்கள் நுணல் கிடைத்துவிட்டது என்று நம்பினார்கள். அந்த வீரருக்கு எத்தனை பதக்கம் கொடுத்தாலும் தகும். தொடர்ந்து கசிவு குறைந்த கருவி, பிறகு கசிவே இல்லாத கருவி என்று மாற்றி மாற்றிச் செய்தார்கள். அகச்சிவப்புக் கதிரால் பார்க்கிறார்களோ என்றுகூடச் சந்தேகம் கிளம்பியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ரேடாருக்கு வெளியே கத்திக்கொண்டிருந்த நுணல் அவர்களுடைய வானொலிதான். நீர்மூழ்கிகள் கரைக்கு அனுப்பிய செய்திகளை நேச நாட்டுக் கப்பல்கள் திசை கண்டு பிடித்தன. பிரிட்டனின் குறியீடு உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியரின் எனிக்மா இயந்திரம் எழுதிய ரகசியக் குறியீட்டையும் உடைத்துப் படித்தார்கள். டோனிட்ஸுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. கேட்டபோதெல்லாம் நிபுணர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: எனிக்மாவை உடைக்க முடியாது.

நடுக்கடலில் மற்ற நீர்மூழ்கிகளுக்கு எண்ணெயும் உணவும் கொடுக்க, ‘பால் மாடு’ என்ற செல்லப்பெயருடன் பத்து பெரிய நீர்மூழ்கிகள் இருந்தன. எங்கே, எப்போது சந்திப்பது என்பதை வானொலியில்தான் பேசி முடிவு செய்தார்கள். மெடாக்ஸை அணைத்த பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. போர் முடிவதற்குள் பத்தும் மூழ்கடிக்கப்பட்டுவிட்டன.