கல்யாணப் பத்திரிகைக்கு எஸ்எம்எஸ் எதற்கு?

கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வந்த செயலியைத் திறந்து சித்தப்பா பணத்தை இழந்த கதையைப் போன வாரமே இங்கே எழுதிவிட்டேன். அதற்குக் கீழே நேற்று நடந்த பேச்சுதான் தூங்கவிடவில்லை. "பிளே ஸ்டோருக்கு வெளியே செயலி போடலாம்னு ஊருக்கே பாடம் எடுத்தவன் நீதானே, இப்ப உன் வீட்டிலேயே ஆயிடுச்சு பார்" என்கிறார்கள்.

நான் எடுத்த பாடம் எஃப்-டிராய்ட் என்ற, பிளே ஸ்டோர் அல்லாத ஆண்ட்ராய்டு செயலித் தளம் பற்றியது. 2010 முதல் இருக்கிறது. நாமாகத் தேடிப் போகிறோம். அங்குள்ள செயலிகளின் மூலநிரலை யாரும் பிரித்துப் பார்க்கலாம். சித்தப்பாவுக்கு வந்தது, கேட்காமலே வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த ஏபிகே, அதாவது திறந்தால் செயலியைப் போனில் ஏற்றும் கோப்பு. அதுவும் தெரிந்தவர் எண்ணிலிருந்து. இரண்டும் ஒன்றா?

பணம் போன அன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குச் சொல்லிவிட்டு அவர் போனைத் திறந்தேன். பத்திரிகை என்று பெயர் வைத்த அந்தச் செயலிக்கு எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி கொடுத்திருந்தது. ஓடிபி போன வழி அதுதான். கல்யாணப் பத்திரிகைக்கு எஸ்எம்எஸ் எதற்கு? இதைத்தானே இத்தனை நாளாகக் கத்துகிறேன்! எங்கிருந்து வந்தது என்று பாருங்கள், என்ன கேட்கிறது என்றும் பாருங்கள்.

ஸ்டோரில் சோதனை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அம்மா போனில் வெளிச் செயலிக்கான அனுமதியை நானே மூடித்தான் வைத்திருக்கிறேன். ஆனால் 2019-ல் ஜோக்கர் என்ற தீநிரல் பிளே ஸ்டோரிலேயே 24 செயலிகளுக்குள் இருந்தது. அதுவும் எஸ்எம்எஸ் படித்துத்தான் ஆட்களைக் கட்டணச் சந்தாவில் சேர்த்துவிட்டது. அப்போது யாரைத் திட்டினீர்கள்?

"அப்புறம் கூகுள் செய்வது சரிதானே?" என்று ஒருவர். தங்களிடம் அடையாளத்தைப் பதியாதவர் எழுதிய செயலி 2026 செப்டம்பர் முதல் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் ஆண்ட்ராய்டு போன்களில் ஏறாது என்று 2025 ஆகஸ்டில் அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, அனுபவமுள்ளவர்கள் அத்தகைய செயலியையும் ஏற்றிக்கொள்ள ஒரு வழி விடுகிறோம் என்றார்கள். திருடன் அடுத்தவன் பெயரில் பதிந்துகொள்வான். சும்மா ஆர்வத்தில் எழுதி நாலு பேருக்குக் கொடுக்கிற பையன்தான் மாட்டுவான்.

சரி, என்னைத் திட்டுங்கள். "படித்த மனுஷன் இப்படி ஏமாறலாமா" என்று சித்தப்பாவை ஏன் இழுக்கிறீர்கள்? தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் என்று நம்பித் திறந்தார், அவ்வளவுதான். நேற்று கேஸ் புக்கிங் மெசேஜ் வந்ததற்கே, போனைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு, "தம்பி, இதைத் திறக்கலாமா?" என்று கேட்டார். அவர் கதைக்குச் சிரிப்புக் குறி போட்ட மூன்று பேரையும் நட்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.